அதிமேற்றிராணியார் வாய் திறந்தபோது

1942-ம் ஆண்டில் ஹாலந்து தேசத்தைப் பிடித்திருந்த ஜெர்மன் நாஜிகள், அங்குள்ள யூதர்களை ரயிலேற்றிக் கடத்தலானார்கள். கத்தோலிக்க மேற்றிராணிமாரும் புரோட்டஸ்டாண்டு சபையாரும் ஒன்றுகூடிக் கண்டனத் தந்தி கொடுத்தனர். ஞானஸ்நானம் பெற்ற யூதரை மட்டும் விட்டுவிடுவதாகப் பதில் வந்தது. ஆனால் தந்தியைக் கோவில்களில் வாசிக்கலாகாதாம்! நம்மவர் தப்பினால் போதும், மற்றவர் எக்கேடு கெட்டால் என்ன என்னும் சோதனை இது. நம் வீடுகளுக்கும் வராததா?

உத்ரெக்ட் அதிமேற்றிராணியார் டி யோங் இணங்கவில்லை. ஜூலை 26-ந் தேதி ஞாயிறன்று கத்தோலிக்கக் கோவில்களில் மேற்றிராணிமாரின் நிருபத்தோடு தந்தியும் வாசிக்கப்பட்டது. ஆகஸ்டு 2-ல் கத்தோலிக்க யூதர்களைப் பிடித்தார்கள். எக்ட் ஊர்க் கார்மேல் மடத்துக் கன்னியாஸ்திரி எடித் ஸ்டைனும் அவர் அக்காள் ரோசாவும் அவர்களில் இருவர். இருவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

அதிமேற்றிராணியார் பேசாதிருந்திருக்கலாமே என்பீர்கள். பேசியவர் அவர், உயிர் கொடுத்தவர்கள் வேறு பேர். இது இலேசான காரியமல்ல. ஆனால் கொன்ற பாவம் கொன்றவர்களுடையது. பேசாதிருந்தால், ஞானஸ்நானம் பெறாத யூதரை விலையாகக் கொடுத்து நம்மவரை மீட்டதாக ஆகியிருக்கும். அந்த வியாபாரத்துக்கு ஒரு மேய்ப்பர் எப்படிச் சம்மதிப்பார்?

எடித் ஸ்டைனுக்கு 1998-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. ஆகஸ்டு 9-ந் தேதி அவருடைய திருநாள். அன்று குடும்ப ஜெபத்தில், அவரோடு அதே ரயிலில் போன, ஞானஸ்நானம் பெறாத யூதரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.