கணினிப் பாடம்: மறைத்தால் பூட்டியதாகுமா?

பள்ளியில் மதிப்பெண் பதிவேடு இருக்கும் அறையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால், அறை பூட்டப்பட்டதாகுமா? ஆகாது. வழி தெரிந்தவர் நேரே உள்ளே போய்விடுவார். இணையதளத்திலும் இதே கதைதான்.

மந்திர் மார்க்கிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியைப் போன்ற ஒரு பள்ளிக்கு இணையதளம் அமைப்பதாகக் கொள்வோம். பெற்றோருக்கு 'மதிப்பெண் திருத்தம்' என்ற மெனு தேவையில்லை. அதை மறைப்பது சரியே. ஆனால் அப்பக்கத்தின் முகவரியை யாரேனும் நேரடியாகத் தட்டினால்? 'இவர் யார், இவருக்கு அனுமதி உண்டா?' என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இல்லையேல் பிள்ளைகளின் மதிப்பெண்ணை எவரும் மாற்றிவிடலாம்.

அனுமதியை ஆளுக்குத் தராமல் பொறுப்புக்குத் தருவது நல்லது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபெராயோலோவும் கூனும் 1992இல் இம்முறையை வகுத்துக் காட்டினர். வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என 5 பொறுப்புகள் உண்டு. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. ஒருவர் விலகினால் அவருடைய பொறுப்பை நீக்கினால் போதும்.

உங்கள் தளத்தில் செய்து பாருங்கள்: சாதாரண உறுப்பினர் கணக்கில் நுழைந்து, நிர்வாகப் பக்கத்தின் முகவரியைத் தட்டுங்கள். பக்கம் திறந்தால், பூட்டு இன்னும் போடவில்லை என்று பொருள்.