மதுவும் மனத்துயரமும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைச் சேர்ந்த பாலகாட், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கப் பகுதி. 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது தங்கவயல் மக்கள் இழந்தது ஊதியத்தை மட்டுமன்று. அன்றாட ஒழுங்கையும் சுயமதிப்பையுங்கூட. இத்தகைய இழப்பில் துவளும் மனம் மதுவில் ஆறுதல் தேடுவதுண்டு.

மது சிறிது நேரமே துயரை மறக்கச் செய்கிறது. பின்னர் உறக்கத்தைக் கெடுத்து, மனச்சோர்வையும் பதற்றத்தையும் மிகுவிக்கிறது. அவ்வேதனையைத் தணிக்க மீண்டும் மதுவே நாடப்படுகிறது. பொருளை நினைப்பதில் தொடங்கி, பற்று, ஆசை, சினம், மயக்கம் என மனிதன் படிப்படியாக வீழ்வதை பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் விளக்குவது இங்குச் சிந்திக்கத்தக்கது. முதற்படியிலேயே இளைஞர்களுக்கு நல்ல வேலையும் விளையாட்டும் நற்கூட்டுறவும் அமைந்தால் வீழ்ச்சியைத் தடுக்கலாம்.

குடிப்பவரை இகழ்வதால் பயனில்லை. 'உன்னை வருத்துவது எது?' என்று அன்புடன் கேட்பதே முதல் மருந்து. ஆனால் ஓர் எச்சரிக்கை: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சபதம் செய்து திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

மனத்தை வெல்லக் கீதை கூறும் பயிற்சியும் பற்றின்மையும் ஒரே நாளில் கைகூடுவன அல்ல. தவறி விழுந்தவர் மீண்டும் எழக் கைகொடுப்பதும் இறைவழிபாடே.