லையோல் கத்தி

உழவர் கயிறு அறுக்கவும், மாணவர் எழுதுகோல் சீவவும், வழிச்செல்வோர் கனி நறுக்கவும் பயன்படும் சிறு கருவி மடக்குக் கத்தியாகும். அலகும் பிடியும் ஒரு முளையும் சேர்ந்தால் அது முடிந்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். ஆயினும், இச்சிறு பொருளால் புகழ் பெற்று, அப்புகழினாலேயே தன் பெயரின் உரிமையை இழக்க நேர்ந்த ஊர் ஒன்று உண்டு. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ஓப்ராக் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அங்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், புல்வெளிகள் சூழ அமைந்த சிற்றூர் லையோல். கால்நடை வளர்ப்பே அம்மக்களின் பழந்தொழில். அவர்கள் முற்காலத்தில் மடங்காத கத்தியையே இடையில் செருகியிருந்தனர். குளிர்காலத்தில் வேலை தேடி ஸ்பெயின் நாட்டிற்குச் சென்றவர்கள், அங்கு வழங்கிய மடக்குக் கத்தியைக் கண்டு மீண்டனர். இவ்விரண்டின் சாயலும் பொருந்த, 1829-ஆம் ஆண்டளவில் பியேர் ழான் கால்மெல் என்னும் கொல்லர் புதியதொரு கத்தியைச் செய்தார் என்பர்.

பின்னர், வாழ்க்கைத் தேவைகள் அக்கத்தியை வளர்த்தன. பசும்புல்லை மிகுதியாக மேய்ந்த மாட்டின் வயிறு சில வேளைகளில் காற்றால் உப்பிவிடும். உடனே காற்றை வெளியேற்றாவிடில் மாடு இறந்துபடும். அவ்வேளையில் துளையிடுவதற்காக, 1840-ஆம் ஆண்டளவில் கத்தியோடு ஒரு குத்தூசி சேர்க்கப்பட்டது. தோல்வாரில் துளையிடவும் அது உதவிற்று. பிற்காலத்தில் அவ்வூரார் பலர் பாரிஸ் நகருக்குச் சென்று உணவுக்கடைகளில் பணி புரிந்தனர். அவர்களுக்காக 1880-ஆம் ஆண்டளவில், புட்டியின் தக்கையை எடுக்கும் திருகும் சேர்ந்தது.

இனி, இக்கத்தியைச் செய்யும் முறையைக் காண்போம். எஃகை உலையிற் காய்ச்சி அடித்து அலகை வடிப்பர். மீண்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தித் தோய்ச்சல் இடுவர். அவ்வலகு மிகவும் கடினமாகும். ஆனால் எளிதில் நொறுங்கும். ஆதலின் அதை மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்து, கடினமும் உறுதியும் ஒத்திருக்குமாறு பதப்படுத்துவர்.

பிடியின் முதுகில் அமையும் வில்தகடே இக்கத்தியின் உயிர்நிலை. அலகின் அடிப்பகுதியை அழுத்தி, விரித்தபோது விரிந்தும் மடித்தபோது மடிந்தும் நிற்கச் செய்வது அதுவே. அது மிக வலிதாயின் அலகை விரிக்க இயலாது. மிக நொய்தாயின் அலகு விரலின்மேல் மடிந்துவிடும். எனவே கைவினைஞர், மடித்தும் விரித்தும் பார்த்து, அரத்தால் சிறிது சிறிதாக இழைத்து அதனைப் பொருத்துவர். அதன்பின் உலோகத் தகடுகளின் இருபுறமும் கொம்பினாலோ மரத்தாலோ ஆன பிடியைத் தறையாணிகளால் இறுக்கி, மெருகேற்றுவர்.

வேலை இத்துடன் முடிவதில்லை. வில்தகட்டின் முதுகில் இலையும் கொடியும் போன்ற உருவங்களை அரத்தாலேயே செதுக்குவர். ஒருவர் செதுக்கியவாறு மற்றொருவர் செதுக்குவதில்லை. அவ்வேலைப்பாடே செய்தவரின் கையொப்பமாக விளங்கும். வில்தகட்டின் தலைப்பில் தேனீ உருவம் ஒன்று அமர்ந்திருக்கும். அது நெப்போலியன் மன்னர் அளித்த சின்னம் என்று கதை வழங்கினும், அதற்குச் சான்று இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வுருவம் வழக்கில் வந்தது. சில கத்திகளின் பிடியில் சிற்றாணிகளால் சிலுவை வடிவம் பதிக்கப்பட்டிருக்கும். கோயிலுக்குச் செல்ல இயலாத மேய்ப்பர்கள், மேய்ச்சல் நிலத்திலேயே கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி வழிபட்டனர் எனக் கூறுவர்.

இத்துணைச் சிறப்பும் ஊரைக் காக்கவில்லை. கத்தித் தொழிலில் முன்னரே சிறந்திருந்த தியேர் நகரம் இக்கத்தியையும் பெருமளவில் செய்யத் தொடங்கவே, லையோலின் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. 1987-ஆம் ஆண்டில் அவ்வூரில் புதிய தொழிற்சாலை எழுந்தபோதே தொழில் புத்துயிர் பெற்றது. ஆனால் 1993-ஆம் ஆண்டில் வெளியார் ஒருவர், ‘லையோல்’ என்னும் பெயரைப் பலவகைப் பொருள்களுக்குத் தம் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார். பிற நாடுகளில் செய்த மலிவான கத்திகளும் அப்பெயரைத் தாங்கி வந்தன. 2012-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றபோது, ஊரார் தம் ஊரின் பெயர்ப் பலகையைத் தாமே கழற்றித் தம் வருத்தத்தை உலகறியச் செய்தனர். எனினும் அவர்கள் முயற்சி தளரவில்லை. 2019-ஆம் ஆண்டில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பதிவுகளுட் பலவற்றை நீக்கியது.

மாணவர்களே, ஒரு பெயரைக் கத்தியில் பொறிக்க நொடிப்பொழுது போதும். அலகும் வில்லும் இசைந்து இயங்கச் செய்வதற்கோ பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இதனை அறிந்தோர் கத்தியை வாங்கும்போது, அலகில் உள்ள பெயரைப் படிப்பதோடு அமையார். விரித்து மடித்துப் பார்ப்பர். முதுகைத் திருப்பி அரத்தின் வேலையையும் நோக்குவர். நாம் பயன்படுத்தும் எப்பொருளையும் அவ்வாறு நோக்கப் பழகுவோமாயின், அதனைச் செய்த கைகளின் உழைப்பு நமக்குப் புலனாகும்.