தலையில் வைக்கும் புள்ளி எத்தனை காலம் நிற்கும்?

கேள்வி: எனக்கு 29 வயது. பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். மூன்று வருடமாக உச்சியில் முடி மெலிந்து வருகிறது, நெற்றியும் ஏறுகிறது. கரையில் இருக்கும்போது சீவி மறைத்துவிடுவேன். கடலில் தலை நனைந்தால் மண்டை அப்படியே தெரிகிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மதுரையில் ஓர் இடத்தில், ஊசியால் புள்ளி வைத்து முடியை அடர்த்தியாகக் காட்டலாம் என்றார்கள். பெர்மனன்ட் வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லையாம். டெம்பரரி ஓரிரு வருடத்தில் முழுக்கப் போய்விடுமாம். எதை வைக்கலாம்? உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, புள்ளி வைப்பது என்று முடிவெடுத்தால், முதல் தடவை சீக்கிரம் மங்குகிற வகையையே வையுங்கள். அதையும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிடுங்கள்.

எஸ்.எம்.பி. எனப்படும் இந்த ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் ஒரு முடியைக்கூட வளர்க்காது. முடிக்கு நடுவே வெளுத்துத் தெரியும் தோலுக்குக் கருமை கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் கவலை நனைந்த தலை என்பதால் இது உங்களுக்குப் பொருந்தக்கூடியதே. தூவி மறைக்கிற பவுடர் கடல் தண்ணீர் பட்டதும் போய்விடும். தோலுக்குள் இருக்கும் புள்ளி போகாது.

மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அதில் வைத்த சாயம் அதோடு உதிர்ந்துவிடும். அதனால் டெம்பரரி என்றாலும் ஊசி அதற்குக் கீழே, உள்தோலின் மேற்பகுதிவரை போயாக வேண்டும். அங்கே சாயத் துகளை நம் உடலின் பாதுகாப்பு அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. சிதையக்கூடிய துகள் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மங்கும். கரி போலச் சிதையாத துகள் தங்கிவிடும். தங்கினாலும் வைத்த அன்று இருந்ததுபோல் இருக்காது. பெர்மனன்ட் வைத்தவர்களும் நாலைந்து ஆண்டில் மறுபடி ஊசிக்கு உட்கார வேண்டிவரும். ‘ஆயுசுக்கும் கவலையில்லை’ என்ற பேச்சை நம்பாதீர்கள். ‘முழுக்கப் போய்விடும்’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஊசி ஆழமாக இறங்கினால் டெம்பரரி சாயமும் கறையாக நின்றுவிடும்.

நம் பக்கத்துப் பாட்டிமார் முன்கையில் பச்சை பார்த்திருப்பீர்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப்பானையில் படியும் கரியைச் சுரண்டி அந்த மையைச் செய்ததை ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். குத்திய புதிதில் கருகருவென்றிருந்த புள்ளிகள் வயதானபின் நீலம் பாய்ந்து, விளிம்பு கசிந்து நிற்கும். ஆழத்தில் இருக்கும் கரி, தோல் வழியே பார்க்கையில் அப்படித்தான் தெரியும். கையில் அது அழகு. முடியின் அடி போலத் தெரிய வேண்டிய தலைப்புள்ளி அப்படிப் பரவினால் மறைக்க வழியில்லை. அதனால்தான் தலைக்கு ஊசி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். மண்டைத் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. கை பழகியவர் இதை விரலிலேயே உணர்வார்.

எல்லாவற்றையும்விட உங்கள் வயதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 29-ல் ஏறத் தொடங்கிய நெற்றி இன்னும் ஏறும். இன்றைய முடிக்கோட்டில் பெர்மனன்ட் வைத்தால், பத்து வருடம் கழித்து முடி பின்வாங்கியிருக்கும், புள்ளிகள் மட்டும் முன்னால் தனியாக நிற்கும். நரை வந்தாலும் புள்ளி நரைக்காது. நேர்த்திக்கடனுக்கோ வீட்டுப் பெரியவர் காரியத்துக்கோ மொட்டை போட்டால், வைத்த இடம் மட்டும் கருமையாகத் தெரியும். எந்த வகை வைத்தாலும் உச்சியோடு நிறுத்துங்கள். நெற்றிக்கோட்டைக் கீழே இறக்க விடாதீர்கள். சம்பந்தம் பேசி முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இனி கடல். ஆறிய புள்ளியை உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வெயில்தான் சாயத்தை வெளுக்கும். தொப்பியோ தலைப்பாகையோ இல்லாமல் போகாதீர்கள். ஆனால் ஆறாத புள்ளி என்பது ஆயிரக்கணக்கான சின்னக் காயம். மெக்சிகோ வளைகுடாவில், பச்சை குத்திய ஐந்தாம் நாள் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர், வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி தாக்கி இறந்ததை 2017-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அவருக்குக் கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. குடிப்பழக்கம் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு இடையில் ஆற நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தானே நிற்கும்? புள்ளி வைக்கும் வேலை இரண்டு மூன்று அமர்வாக, இடைவெளி விட்டு நடக்கும். தடை தொடங்கியதும் ஆரம்பித்து, மே நடுவில் கடைசி அமர்வை முடித்தால் ஆறுவதற்கு முழுசாக ஒரு மாதம் கிடைக்கும்.

அதற்கு முன் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் சொல்வது பரம்பரை வழுக்கை மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, புழுவெட்டு இவையெல்லாம் இல்லை என்று தெரிய வேண்டும். பரம்பரைதான் என்றால் மினாக்ஸிடில் மருந்து தடவ இதுவே சரியான வயது. நாலு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். காயம் ஆறிய இடம் தடித்து மேடாகும் உடம்பு, சொரியாசிஸ், வெண்புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியே வேண்டாம்.

மதுரையில் கேட்க வேண்டியவை உண்டு. ஊசியைக் கண்முன்னே உறை பிரிக்கிறார்களா? சாயத்தில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா? அது நாளாக ஆகச் சிவக்கும். அழிக்க லேசர் வைத்தால் சில சமயம் இன்னும் கறுத்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே வைத்துக்கொண்ட ஒருவரின் தலையை வெயிலில் நேரில் பார்க்கக் கேளுங்கள். போட்டோவை மட்டும் காட்டினால், முன்பணம் கட்டாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.