‘யா’ படுத்திய பாடு

மெக்சிகோவின் குவாதலஹாராவில் வேலை கிடைத்தபோது, கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் ஸ்பானிஷ் படித்தேன். வினைச்சொல் வாய்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ‘யா’ என்ற சொல்லுக்கு நேரே மட்டும் என் நோட்டில் ‘ஏற்கெனவே’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். இவ்வளவு சின்னச் சொல்லில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான்.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். தெருமுனையில் ஒரு தோர்த்தியா ரொட்டிக் கடை. மக்காச்சோள மாவு மெஷினுக்குள் ஒரு பக்கம் போய், மறுபக்கம் சுடச்சுட வட்டமாக வந்து விழும். கிலோ கணக்கில் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மாலை நாலு மணி இருக்கும். அரைக் கிலோ கேட்டேன். கடைக்கார அம்மா, “யா நோ ஐ” என்றார். ‘நோ ஐ’ என்றால் ‘இல்லை’, அது தெரியும். முன்னால் ஒரு ‘யா’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே? ‘ஏற்கெனவே இல்லை’ என்றால் பொருந்தவில்லை. அகராதியில் ‘இப்போது’ என்றும் பார்த்த ஞாபகம். இப்போது இல்லை, அடுத்த ஈடு வரப்போகிறது போல என்று ஓரமாக நின்றுகொண்டேன். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

‘யா நோ ஐ’ என்றால் ‘தீர்ந்துபோச்சு’. நின்றால் கிடைக்கும் என்றால் “தோதாவியா நோ ஐ” என்றிருப்பார்; ‘இன்னும் வரல’ என்று பொருள். ஒன்றில் கடை மூடுகிறது, மற்றதில் அடுப்பு எரிகிறது. இரண்டையும் ‘இல்லை’ என்றே நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு வழி திறந்தது வகுப்பில் இல்லை, சமையலறையில். வீட்டுக்காரச் சென்யோரா தினமும் பிற்பகலில், “யா கோமியோ?” என்று கேட்பார். ‘ஏற்கெனவே சாப்பிட்டீர்களா?’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துப் பதில் தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் சட்டென்று உறைத்தது: இது ‘சாப்பிட்டாச்சா’ அல்லவா! ‘யா கோமி’, சாப்பிட்டாச்சு. ‘யா எஸ்தா’, ஆச்சு, முடிஞ்சுது. ஸ்பெயினில் இதற்கு ‘யா ஏ கோமிதோ’ என்று வினையை நீட்டுவார்கள். மெக்சிகோவில் ‘யா’வோடு சாதாரண இறந்தகாலமே போதும்.

அன்றிரவு நோட்டை எடுத்து ‘ஏற்கெனவே’யை அடித்துவிட்டேன். ‘யா’ வரும் இடத்திலெல்லாம் ஏதோ ஒரு நிலை மாறியிருக்கிறது, அல்லது மாறப்போகிறது. பசித்திருந்தவர் சாப்பிட்டுவிட்டார். இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. ‘யா லோ சே’ என்றால் தெரியாமல் இருந்த காலம் போய்விட்டது, எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம் என்று பொருள். தமிழ் பேசுகிறவருக்கு இது புதிதில்லை. வந்தாச்சு, போயிடுச்சு, முடிஞ்சுபோச்சு என்று நாம் வினையின் வாலில் கட்டுவதை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்ததால் ஆறு மாதம் சுற்றுவழியில் போயிருந்தேன்.

படிக்கிறவர்கள் ‘யா’வைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், ‘தோதாவியா’வோடு ஜோடியாகப் படியுங்கள். முக்கியமாகப் பதில் சொல்லும்போது. ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் ‘இன்னும் இல்ல’ என்பதற்கு ‘தோதாவியா நோ’. நான் பல நாள் ‘யா நோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது ‘இனி வேண்டாம்’ என்று காதில் விழும். தட்டு உள்ளே போய்விடும்.

‘இதோ வர்றேன்’ இன்னொரு கண்ணி. அலுவலகத்தில் மீட்டிங் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். தமிழில் யோசித்து, ‘வா’ என்னும் வினையைப் போட்டு “யா வெங்கோ” என்றேன். போய்ப் பார்த்தால் நானில்லாமலே கூட்டம் பாதி முடிந்திருந்தது. அங்கே ‘யா வெங்கோ’ என்றால் ‘வெளியே போறேன், வந்துடறேன்’. அதாவது நம்முடைய ‘போயிட்டு வரேன்’. கூப்பிட்டவரிடம் போகும்போது ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ‘போகிறேன்’ என்றுதான் சொல்வார்கள்: ‘யா வோய்’. அந்த ‘வ’ உதடு ஒட்டியும் ஒட்டாமலும் ‘ப’வுக்குப் பக்கத்தில் விழுவதால், நம் காதுக்கு ‘போய்’ என்றே கேட்கும். போவதற்குப் ‘போய்’. இதைவிடச் சுலபமான ஞாபகக்குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

அகராதி தராத பொருள்களைத் தொனிதான் தரும். பஸ்ஸில் அழும் குழந்தையின் முதுகைத் தட்டியபடி ஒரு தாய், “யா, யா... யா பாசோ” என்று இழுத்துச் சொன்னால், ‘ஒண்ணுமில்லடா, சரியாப்போச்சு’. அதே ‘யா!’வை வெட்டிச் சொன்னால் ‘நிறுத்து’. 1994 ஜனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபதிஸ்தா என்னும் கிளர்ச்சிப் படையினரின் முழக்கம் ‘யா பாஸ்தா’. ‘பொறுத்தது போதும்’ என்று சொல்லலாம். ஏவல் வினையோடு ‘யா’ சேர்ந்தால் பொறுமையின்மை ஏறிவிடும். ‘சியேந்தாத்தே’ என்றால் உட்காரு; ‘யா சியேந்தாத்தே’ என்றால் ‘உட்காரேன், எத்தனை தடவை சொல்றது?’ பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

ஊருக்கு ஊர் வேறு மாறும். சிலி நாட்டில் ‘யா’ என்றால் வெறும் ‘சரி’. புவெனஸ் அயர்ஸில் உச்சரிப்பே ‘ஷா’.

எனக்கு மிகப் பிடித்தது ‘யா யோவியோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘மழை பெய்தாச்சு’. இந்த வீட்டுக்கு எப்போது குடிவந்தீர்கள் என்று சென்யோராவிடம் கேட்டபோது, “ஊய், யா யோவியோ!” என்றார். ஜூலை மாதம், பிற்பகலானால் கொட்டும் பருவம். துணி காயப்போட்டிருந்தேன், மொட்டைமாடிக்கு ஓடினேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. குடிவந்ததற்கப்புறம் எத்தனையோ மழை பெய்து ஓய்ந்தாயிற்று, அவ்வளவு காலம் ஆகிவிட்டது என்பதுதான் பொருளாம். சென்யோரா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

இன்னும் பிடிபடாதது ‘யா மேரோ’. மெக்சிகோக்காரர்களின் சொத்து இது. ‘கிட்டத்தட்ட ஆச்சு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்கு அளவு கிடையாது. போன வாரம் குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். பத்து மணிக்கு “யா வோய்” என்றார். பதினொன்றரைக்கு “யா மேரோ யேகோ”. ‘பக்கத்துல வந்துட்டேன் சார்’ என்று நம்மூரில் கேட்டுப் பழகிய அதே குரல், பின்னணியில் அதே டிவி சத்தம். பக்கெட்டை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு லீவு சொன்னேன்.