மயிலாப்பூரிலிருந்து நிருபராகலாம்: முழுமையான வழிகாட்டி

நிருபராக வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களிடம் "அந்தத் தொழிலே போச்சு" என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பெரிய பத்திரிகைகளில் டெஸ்க்கும் நிருபர் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது உண்மைதான். ஒரே ஆள் செய்தி எழுதி, படம் எடுத்து, வீடியோவுக்குக் குரலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தெருவில் இறங்கி விசாரித்து எழுதும் வேலை எங்கேயும் போய்விடவில்லை. அதைச் செய்ய ஆள்தான் போதவில்லை. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

என்ன வேலை இது?

பேட்டைச் செய்தி. ரேஷன் கடை, குடிநீர், மாநகராட்சிப் பள்ளி, மாட வீதி நெரிசல், சித்திரக்குளத்தின் நீர்மட்டம். மாநில நாளிதழில் இவற்றுக்கு நாலு வரி கிடைத்தால் அதிகம்.

இதை நம்பியே பத்திரிகை நடத்த முடியும் என்று காட்டியவர் வின்சென்ட் டிசோசா. 1994-ல் அவர் தொடங்கிய 'மயிலாப்பூர் டைம்ஸ்' வீடு தேடி வந்த இலவச வார இதழ். செலவை விளம்பரங்கள் பார்த்துக்கொண்டன. ஆங்கில இதழ்தான். அடையாறுக்கும் மாம்பலத்துக்கும்கூட இப்படி ஆங்கில இதழ்கள் வந்ததுண்டு. தமிழில் இந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

சென்னை மாநகராட்சி மண்டலங்களாகவும் வார்டுகளாகவும் பிரிந்திருக்கிறது. மயிலாப்பூர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்ப்போம். நம் தெரு எந்த வார்டு, கவுன்சிலர் யார், மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் யார், குடிநீர் வாரியத்தில் யாரைக் கேட்பது, எந்தக் காவல் நிலையம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். ஒரு வாரம் இதற்கே போகும், போகட்டும். பின்னால் ஒவ்வொரு செய்திக்கும் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டப் போகிறோம்.

முதல் செய்தியை எப்படி எடுப்பது?

பெரிய விஷயம் வேண்டாம். சாலை வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் லஸ் பக்கம் போனால் அதற்குப் பஞ்சமில்லை.

தடுப்புப் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். குடிநீர் வாரியமா, மின்வாரியமா, மெட்ரோ ரயிலா? எல்லாரும் தோண்டுகிறார்கள். யாரென்று தெரியாமல் எழுதினால் திட்டு தவறான ஆளுக்குப் போய்விடும். பலகையே இல்லையென்றால் அதுவும் குறிப்பில் ஏற வேண்டிய தகவல்தான். பிறகு எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எத்தனை அடி நீளம், ராத்திரியில் விளக்கு இருக்கிறதா என்று நோட்டில் குறிப்போம். படம் மூன்று போதும்: தெரு முழுக்கத் தெரிகிற ஒன்று, பள்ளம் மட்டும் ஒன்று, பலகை ஒன்று.

அடுத்து, தினமும் அங்கேயே இருப்பவர்களிடம் பேசுவோம். பூக்கட்டுகிற அம்மா, இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்கக் கூடாது, ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. "என்னைக்குத் தோண்டினாங்கம்மா?" என்று கேட்டால், "சஷ்டி அன்னிக்குப்பா, கடை போடவே முடியலை" என்று தேதியும் பாதிப்பும் சேர்ந்து வரும். இன்னொருவரிடமும் கேட்டு, தேதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

கடைசியில் அதிகாரி.

"சீக்கிரம் முடிச்சிடுவோம் சார்."

"எந்தத் தேதிக்கு முடியும் சார்?"

இந்த இரண்டாவது கேள்விதான் நிருபரின் வேலை. தேதி சொன்னால் அதை அவர் பெயர், பதவியோடு போடுவோம். பெயர் வேண்டாம் என்றால் என்ன காரணம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வோம். பேசவே மறுத்தால், எத்தனை மணிக்கு அழைத்தோம் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

வாய் வார்த்தை கிடைக்காதபோது 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள் அவகாசம். "ஏன் தாமதம்?" என்று கேட்காமல், பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி என்று ஆவணமாகக் கேட்போம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

எப்படி எழுதுவது?

எங்கே, என்ன, எப்போதிலிருந்து, எப்போது முடியும். நான்கும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். 200 சொற்கள் தாராளம். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். ஏ.ஐ. செயலியில் எழுத்துப்பிழை பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது தானாகச் சேர்க்கும் பெயரோ எண்ணோ நம் நோட்டில் இல்லையென்றால் செய்தியிலும் இருக்கக் கூடாது.

எவ்வளவு செலவு?

கையில் இருக்கும் போனே போதும். நோட்டு, பேனா, பவர் பேங்க், பஸ் காசு. சொந்தத் தளம் வேண்டுமானால் டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். முதல் சில மாதங்களுக்கு வாட்ஸ்அப் சேனலே போதும் என்பேன். திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் 1878-ல் 'தி ஹிந்து'வைத் தொடங்கியபோது, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள்தான் அச்சிட்டார்கள்.

தளத்தில் செய்தி வெளியிட்டால், 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விவரம் தர வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரும் வேண்டும்; புகார்களை 15 நாளில் தீர்க்க வேண்டும். அச்சிதழ் என்றால் 2023-ல் வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு வரும்?

தொடக்கத்தில் குறைவுதான். பகுதிநேர நிருபருக்குப் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு. தொகை எவ்வளவு, எப்போது வரும் என்று வேலைக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுவோம். பத்திரிகையாளர்களுக்கென 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. மஜீதியா ஊதியக் குழு நிர்ணயித்த ஊதியம் செல்லும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் ஒப்பந்த வேலை பரவப் பரவ, இந்தப் பாதுகாப்பு பலருக்கு எட்டாமலே போயிற்று. ஆகவே முதல் ஆண்டில் வேறொரு வருமானமும் இருப்பது நல்லது.

லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறதே, அந்த நாகேஸ்வர ராவ் பந்துலு 'ஆந்திர பத்திரிகா'வை நடத்திய பத்திரிகையாளர். 1914-ல் சென்னையில் அதை நாளிதழாக்கினார். பின்பலமாக இருந்தது அவருடைய அமிர்தாஞ்சன் வியாபாரம். பத்திரிகைக்கு வேறு எங்கிருந்தாவது பணம் வருவது புதிய விஷயமல்ல. நமக்கு அது மெஸ், டியூஷன் சென்டர், புடவைக் கடை விளம்பரமாக இருக்கலாம். விளம்பரத்தின் மேல் 'விளம்பரம்' என்று போட்டுவிட்டால் வாசகருக்கும் குழப்பமில்லை.

எச்சரிக்கை

பிரஸ் மீட் முடிந்ததும் சில இடங்களில் கவர் கொடுப்பார்கள். எல்லாரும் வாங்கினாலும் நாம் வாங்க வேண்டாம். ஒருமுறை கை நீட்டினால் அடுத்த முறை அந்த ஆளிடம் தேதி கேட்க வாய் வராது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், வழக்கில் சிக்கிய சிறுவர் ஆகியோரின் பெயர், பள்ளி, தெரு, படம் எதுவும் வரக் கூடாது; சட்டம் தடுக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஒருவர் மேல் குற்றம் சொல்லும் செய்தியில் அவருடைய பதிலை வாங்காமல் வெளியிடவே வேண்டாம்.

மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா. அன்றைக்குப் பழைய வீடியோக்கள் புதிது போலச் சுற்றும். எங்கே, எப்போது எடுத்தது என்று எடுத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவற்றைத் தொடாமல் இருப்போம்.

இத்தனைக்கும் பிறகு தவறு வரலாம். வந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடக் கூடாது. எது தவறு, சரி எது என்று தேதியோடு, செய்தி வந்த அதே இடத்தில் திருத்தம் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் போன செய்தி என்றால் அதே சேனலில் திருத்தமும் போக வேண்டும்.