தகட்டில் கை வைக்கும் முன்: பழைய போர்டு வாங்கியிருக்கும் தம்பிக்கு

டெட்ராய்ட் பக்கமும் கலிபோர்னியாவிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலரை இப்போது புதுப் பித்து ஒன்று பிடித்திருக்கிறது. 1930-களின் போர்டு காரை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அதை வேகத்துக்காக வெட்டி மாற்றி ஹாட் ராட் கட்டப் போகிறேன் என்கிறார்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேச்சு. பாடியைப் பற்றிக் கேட்டால், "வெல்டு வைத்துப் பட்டி பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரி. பணமும் காலமும் போகிற இடம் அந்த ஒரு வரிதான். டிங்கர் வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், துருப்பிடித்த பாடியைச் சரிசெய்வதில் வெல்டிங் சின்னப் பங்கு. தண்ணீர் எங்கே நுழைந்தது, எங்கே தங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பங்கு. அதைச் செய்யாமல் தகட்டை மட்டும் மாற்றினால், அடுத்தவனுக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறாய்.

1. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று முதலில் முடிவு செய்.

தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஏரிப் படுகைகளில் வண்டியை விரட்டி வேகம் பார்த்த பையன்களிடமிருந்து வந்த கலை ஹாட் ராட். 1937-லேயே அவர்கள் சங்கம் வைத்துப் பந்தயத்தை ஒழுங்கு செய்தார்கள். 1928 முதல் 1931 வரை போர்டு கட்டிய மாடல் ஏ சுமார் 48 லட்சம். 1932-ல் வி8 எஞ்சின் வந்தது. மாடல் ஏ-யின் பாடியும் வி8-உம் அவர்களுக்குப் பழைய, மலிவான சாமான்கள். அதனால் தயங்காமல் வெட்டினார்கள். இன்று நிலைமை வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே முழுசாக நிற்கும் வண்டி உன் கைக்கு வந்தால் வெட்டாதே. அதை அப்படியே பழுதுபார்த்து ஓட்டு. ஹாட் ராடுக்கு, யாரோ ஏற்கெனவே வெட்டிப் பாழாக்கிய பாடியைத் தேடிப் பிடி. ஒஹாயோ மாநிலத்து ப்ரூக்வில்லில் மாடல் ஏ ரோட்ஸ்டருக்கும் 1932 போர்டுக்கும் இரும்புத் தகட்டிலேயே புதுப் பாடி அடித்துத் தருகிறார்கள். கீழ்ப்பாதி முழுக்கப் போன பாடியைத் தூக்கிவரும் முன் அந்த விலையையும் விசாரித்துவிடு.

2. வண்டி எங்கே கிடந்தது என்று கேள்.

மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அது தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அரிசோனாவில் அந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்து வரும் பாடியில் பெயின்ட் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும், தகடு கெட்டியாக இருக்கும். பார்க்க அழகான மிச்சிகன் பாடியைவிட அவலட்சணமான அரிசோனா பாடிக்கு நான் அதிகம் கொடுப்பேன். புல்வெளியில் மண்ணோடு மண்ணாக நின்ற வண்டி என்றால், கீழே ஒரு சாண் உயரம் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டே விலை பேசு.

3. கண்ணை நம்பாதே, காந்தமும் குத்தூசியும் கையில் வை.

பட்டி கனமாக அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. சுத்தியின் பின்புறத்தால் மெல்லத் தட்டு. நல்ல தகடு கணீர் என்று பேசும், பட்டி மந்தமாக ஒலிக்கும். உள்பக்கம் விளக்கைப் பிடித்து, வெளியே புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரிகிறதா என்று இருட்டில் பார். பிறகு குத்தூசியால் அழுத்து. உள்ளே இறங்கும் இடமெல்லாம் இல்லாத தகடு.

பார்க்க வேண்டிய இடங்கள்: பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் கவுலின் அடி, கதவுகளின் அடி, பின்சக்கரத்துக்கு மேலும் பின்னுமுள்ள பக்கத் தகடு, பாடியின் அடியில் நீளமாக ஓடும் சப்ரெயில், டிக்கி சீட்டைச் சுற்றிய வடிகால் பள்ளம், அதற்குக் கீழே தரை. மூடிய கூபே என்றால் கூரையையும் பார். அந்தக் கால போர்டு கூரையின் நடுவில் தகடு கிடையாது. மெழுகுத்துணி மாதிரி ஒன்றைப் பதித்திருப்பார்கள். அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், கூரையின் மரச்சட்டம் ஊறும், ஊறிய மரம் தன்னைத் தொட்டு நிற்கும் தகட்டை உள்ளிருந்தே தின்னும். கதவடியில் நீ பார்க்கும் ஓட்டைக்குக் காரணம் கூரையில் இருக்கலாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே ஒரு கசிவு உண்டு என்று வைத்துக்கொண்டு தேடு.

4. கதவை மாட்டி இடைவெளி பார்த்து, முட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் வெட்டு.

புதிதாக வருபவர்கள் துருவைக் கண்டதும் கிரைண்டரை எடுக்கிறார்கள். பழைய பாடி பலமிழந்து நிற்கும். சப்ரெயிலை வெட்டி எடுத்ததும் கதவுத் துவாரம் விரியும் அல்லது சுருங்கும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும் கதவு சாத்தாது. ஆகவே பாடியை சேஸிஸ் மேலேயே, அதன் போல்டு துளைகளில் உட்காரவை. கதவுகளை மாட்டிச் சுற்று இடைவெளியை அளந்து எழுதிக்கொள். துவாரத்தின் குறுக்கே சதுரக் குழாயை உள்பக்கமாகச் சிறு வெல்டுப் புள்ளிகளால் டேக் வைத்து நிறுத்து. ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொடு. இதற்காகும் நேரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்பவன் இந்த வேலைக்கு வராமலிருப்பது நல்லது.

5. பெரிய தகட்டுக்கு மணல் வீச்சு வேண்டாம்.

சேஸிஸ், பிராக்கெட் போன்ற கனமான சாமானுக்கு மணல் வீச்சு சரி. கதவு, பக்கத் தகடு போன்ற அகலமான மெல்லிய பரப்பில் அந்த அடியிலேயே தகடு நீண்டு அலையடித்துவிடும். கெமிக்கலோ வயர் பிரஷ்ஷோ போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். போதாததற்குத் தொழிற்சாலையிலேயே பாடியின் இணைப்புகளை ஈயப் பற்றாசால் நிரப்பியிருப்பார்கள். அங்கே கிரைண்டர் வைத்தால் ஈயத்தூள் உன் நுரையீரலுக்கும், உன் சட்டை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். அரத்தால் ராவு, நல்ல முகமூடி போடு, வேலைத் துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதே.

6. தீப்பொறி விடும் முன் மூன்று ஆபத்துகளைத் தேடு.

மாடல் ஏ-யில் பெட்ரோல் தொட்டியே கவுலின் மேல்பகுதி. கவுலில் வெல்டு வைக்கிறேன் என்பவன் தொட்டியில் வெல்டு வைக்கிறான் என்று அர்த்தம். காலித் தொட்டிதான் அதிகம் வெடிக்கும். உள்ளே நிற்பது ஆவி. அதைக் கழற்றாமல் பக்கத்தில் நெருப்பு கூடாது. 1932 மாடலில் தொட்டி பின்னால் போய்விட்டது, அங்கேயும் இதே விதி. இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதே. வெல்டிங் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. மூன்றாவது, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. அதன் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

7. துருவை மூன்று ரகமாகப் பிரி.

மேலாகப் படிந்த துருவைத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது. குழி விழுந்தும் ஓட்டை விழாத தகடு இரண்டாம் ரகம். பின்பக்கம் தொட்டுப் பார், கனம் மிச்சமிருந்தால் காப்பாற்று. ஓட்டை விழுந்ததும், குத்தூசி இறங்கியதும் மூன்றாம் ரகம், வெட்டு. இந்த மூன்றாம் ரகத்தின் மேல் துருமாற்றி மருந்தைத் தடவி, பைபர் மேட் ஒட்டி, பட்டி பார்த்து, பளபளவென்று விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பின்பக்கம் ஈரம் இருக்கும்வரை துரு நிற்காது, பெயின்ட் கொப்புளிக்கும். அது பழுதுபார்த்தல் இல்லை, ஏமாற்று.

8. ஒட்டுத் தகட்டைச் சரியாகத் தேர்ந்தெடு, சரியான இடத்தில் வெட்டு.

இந்தக் கார்களின் தகடு இன்றைய கார்களைவிடக் கனம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 19 கேஜ். அது கிடைக்காவிட்டால் 18 அல்லது 20-ஐ எடு. சி.ஆர். ஷீட்டாக, வளைத்தால் வளைகிற மென்ரகமாக இருக்கட்டும். துருவின் விளிம்பில் வெட்டாதே. அதைத் தாண்டி, சுத்தமான தகடு பளிச்சென்று தெரியும் இடத்தில் வெட்டு. அட்டையில் வார்ப்பு எடு. மூலைகளை வளைவாக விடு. கூர்மையான மூலையில் சூடு குவிந்து தகடு விரிசலிடும். அகன்ற சமதளத்தின் நடுவே தையல் வராதபடி பார்த்துக்கொள். மாடல் ஏ-யின் இடுப்பில் ஓடும் புடைப்புக்கோடு, கீழ்மடிப்பு மாதிரியான இடங்களின் அருகே தகடு தானாகவே விறைப்பாக இருக்கும், சூட்டுக்கு அவ்வளவாக நெளியாது.

கடையில் விற்கும் ஒட்டுத் தகடு அப்படியே பொருந்தும் என்று நம்பி, அதன் அளவுக்கு உன் பாடியை வெட்டாதே. உனக்குத் தேவையான துண்டை மட்டும் அதிலிருந்து எடு.

9. விளிம்போடு விளிம்பு சேர். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றாதே.

ஏற்றி வைத்துப் பற்றவைப்பது சுலபம். ஆனால் இரண்டு தகடுக்கும் நடுவே ஈரம் தங்கும், பெயின்ட் போகாது. சில வருடத்தில் தையல் முழுக்கக் கோடாகப் புடைத்துக்கொண்டு நிற்கும்.

எந்த வெல்டிங் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிக், கேஸ் இரண்டிலும் தையல் மென்மையாக வரும், பிறகு சுத்தியால் தட்டி நீட்டலாம். மிக் வெல்டிங்கில் தையல் கடினமாக வரும். ஆனால் புதியவர் கைக்கு அதுதான் அடங்கும். 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, விளிம்புகளுக்கு நடுவே ஆக்ஸா பிளேடு கனத்துக்கு இடைவெளி. டிக், கேஸ் என்றால் இடைவெளியே கூடாது.

இனி முக்கியமானது. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். அந்த இழுப்புதான் தகட்டை நெளியவைக்கிறது. ஆகவே ஒரே மூச்சில் கோடு இழுக்காதே. ஒரு புள்ளி வை, அடுத்த புள்ளியை எட்டத்தில் வை, இன்னொன்றைப் பட்டன் போடுவதுபோல் நடுவில் வை. ஒவ்வொன்றும் கை வைத்துப் பொறுக்கும் சூட்டுக்குத் தானாக ஆறட்டும். ஈரத்துணி வைக்காதே. ஆறியதும் பின்னால் டாலி என்ற தாங்கு இரும்பைக் கொடுத்து, புள்ளியின் மேல் மட்டும் சுத்தியால் தட்டு. சுருங்கியது நீண்டு தகடு பழைய இடத்துக்கு வரும். தட்டாமல் விட்டுவிட்டு, பள்ளம் விழுந்த பிறகு பட்டியால் நிரப்புகிறவர்கள்தான் அதிகம்.

கிரைண்டரும் சூடுதான். மேட்டை மட்டும் மெல்லிய டிஸ்க்கால் விட்டு விட்டுத் தேய். சுற்றியுள்ள நல்ல தகடு நீலம் பாய்ந்தால் கையை எடு.

10. எபாக்ஸி பிரைமர் முதலில், பட்டி பிறகு.

பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் பூசி, மழைநாளில் பெயின்ட் இல்லாமல் வைத்திருந்தால், அடியில் துரு தொடங்கியே விடும். அமிலம் தடவிய இடத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்தபின் எபாக்ஸி அடி. மிச்ச அமிலத்தின் மேல் அது பிடிக்காது. பட்டி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால், சுத்தியும் டாலியும் செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது என்று பொருள்.

11. உள்பக்கம்தான் ஆயுள்.

இணைப்புகளில் சீலர், பெயின்ட் முடிந்தபின் பெட்டி போன்ற உள்ளறைகளில் நீளக்குழாய் வழியாக மெழுகு. கதவடியில் உள்ள வடிகால் துளையைச் சீலரால் அடைத்துவிடாதே. இந்தப் பிழையைப் பெரிய ஒர்க்‌ஷாப்புகளிலும் பார்க்கிறேன். புது மரச்சட்டத்துக்கும் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து மாட்டு. பல ஹாட் ராடுகளில் மட்கார்டு இருக்காது; சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் முழுக்க கவுலின் அடிக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நேராக வரும். போர்டு அந்த இடங்களுக்குத் தராத காப்பை நீதான் தர வேண்டும்.

12. நம் ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் சட்டத்தைப் பார்.

இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற விடாது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும், ஐம்பது வயது தாண்டியிருந்தாலும் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். ஹாட் ராட் அதில் வராது. துருப் பழுது பார்க்கும் முறை மட்டும் எந்த ஊர் வண்டிக்கும் ஒன்றுதான்.

13. படம் எடுத்து வை.

வெட்டும் முன், வெட்டிய பின், எபாக்ஸி அடித்த பின் என்று ஒவ்வொரு ஒட்டுக்கும் தேதியோடு படம் எடு. எந்தத் தகடு பழையது, எது புதிது, ஈயம் எங்கே இருக்கிறது என்று எழுதி வை. விற்கும் நாளில் அந்தப் படங்களையும் குறிப்புகளையும் வாங்குகிறவர் கையில் கொடு.